வீட்டுக் காப்புறுதிக்கு எவ்வளவு முடியும்? திருகோணமலையில் முதன்முறை எடுப்பவர்களுக்கு

பாலையூற்றிலோ அன்புவழிபுரத்திலோ சொந்த வீடு கட்டிக் குடிபுகுந்தவர்கள் காப்புறுதி முகவரிடம் முதலில் கேட்பது, "வருஷத்துக்கு எவ்வளவு முடியும்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்ல வேறொரு விடை முதலில் வேண்டும்: வீட்டை எவ்வளவு தொகைக்குப் போடப்போகிறீர்கள்? இந்த இடத்தில் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் பிரீமியம் மலிவாக வரும். கூரை போன நாளில் செலவில் பாதிகூடக் கைக்கு வராது. அதனால் தொகையை முதலில் பார்ப்போம். பிரீமியம் அதற்குப் பிறகு.

வீட்டின் தொகையைக் கணக்கிடுதல்

காப்புறுதித் தொகை வீட்டை விற்றால் வரும் விலை அல்ல. உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட ஒரு வீடு பெரிய விலைக்குப் போவது காணியினால். காணி எரியாது, காற்றில் பறக்காது, ஆகவே அதற்குக் காப்புறுதி தேவையில்லை. வங்கிக் கடன் தொகையும் அளவல்ல. கடன் 50 இலட்சம் என்பதால் வீட்டின் தொகையும் 50 இலட்சம் ஆகிவிடாது. கணக்கிட வேண்டியது ஒன்றுதான்: இந்த வீடு முழுக்க அழிந்தால், அதே இடத்தில் அதே அளவில் இன்றைய விலைக்குத் திருப்பிக் கட்ட எவ்வளவு செலவாகும்?

அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தை எடுத்துச் சதுர அடியைப் பாருங்கள். வரைபடத்துக்குப் பிறகு போட்ட விறாந்தை, கார் போர்ச், வெளிக் குசினி எல்லாவற்றையும் அளந்து சேருங்கள். பிறகு வீடு கட்டுகிற மேசன்மார் இரண்டு பேரிடம், முடிய ஒரு சதுர அடிக்கு என்ன போகிறது என்று கேளுங்கள். "முடிய" என்பது முக்கியம். கல்லும் சீமெந்தும் மட்டுமல்ல, கூரை, சீலிங், கதவு யன்னல், தரை ஓடு, வயறிங், குழாய் வேலை, பெயின்ற் எல்லாம் அதற்குள் வரவேண்டும்.

1,200 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 12,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு 1 கோடி 44 இலட்சம். மதில், கேற், கிணறு, மலசலகூடக் குழி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றுக்கு 9 இலட்சம். இடிந்ததை அகற்றவும் வரைபடக்காரருக்குக் கொடுக்கவும் 7 இலட்சம். மொத்தம் 1 கோடி 60 இலட்சம். அகற்றும் செலவைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாதி நிற்கும் ஒரு சுவரை இடித்து ஏற்றி அனுப்புவதற்கே கூலியும் டிரக்டரும் வேண்டும்.

இந்தக் கணக்கை ஒருமுறை போட்டு விட்டுவிட முடியாது. 2021 இல் ஆயிரத்துச் சொச்சம் ரூபாவுக்கு விற்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தொட்டது. கம்பி, ஓடு, வயர் எல்லாம் அதன் பின்னாலேயே ஏறின. 2020 இல் போட்ட தொகையை மாற்றாமல் வருஷாவருஷம் புதுப்பித்துக்கொண்டு வருபவர்கள் இன்று அரைகுறைக் காப்புறுதியோடுதான் இருக்கிறார்கள்.

தொகை குறைந்தால் என்ன ஆகும்

பொலிசியில் "சராசரி" என்ற நிபந்தனை இருக்கும். புதிதாக எடுப்பவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டை 80 இலட்சத்துக்குப் போட்டால், 20 இலட்ச நட்டத்துக்கு 20 இலட்சமும் கிடைக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கிடைக்காது. 1 கோடி 60 இலட்சம் பெறுமதியான வீட்டை 80 இலட்சத்துக்குப் போட்டால் நீங்கள் காப்புறுதி செய்தது பாதி வீட்டைத்தான். மற்றப் பாதிக்கு நீங்களே பொறுப்பு என்று கொள்வார்கள். எந்த நட்டத்திலும் பாதிதான் கணக்கில் வரும்: 20 இலட்சத்துக்கு 10 இலட்சம். அதிலிருந்து நீங்கள் கையால் போடவேண்டிய பங்கும் கழியும்.

தொகையைத் தேவைக்கு மேல் கூட்டினாலும் இலாபமில்லை. 3 கோடிக்குப் போட்டாலும் உண்மையான நட்டத்துக்கு மேல் தரமாட்டார்கள், பிரீமியம் மட்டும் வீணாகக் கூடும்.

வீட்டுச் சாமான்கள்

கட்டடம் வேறு, சாமான் வேறு. வங்கி கட்டாயப்படுத்தி எடுப்பித்த பொலிசி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே. வெள்ளம் வீட்டுக்குள் ஒரு முழம் ஏறினால் சுவர் நிற்கும்; பிரிட்ஜ், மெத்தை, அலுமாரி, வோஷிங் மெஷின்தான் போகும். சாமானுக்குத் தனித் தொகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பொலிசியோடு வரும் அட்டவணையில் பாருங்கள்.

ஒரு கொப்பியை எடுத்து அறை அறையாக நடந்து எழுதுங்கள். குசினியில் தொடங்குவது நல்லது, எண்ணிக்கை கூடிய இடம் அதுதான். ஒவ்வொன்றுக்கும் வாங்கிய விலை, வாங்கிய வருடம், இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று மூன்று நிரல் போடுங்கள். உடுப்பு, பாத்திரம், பாயும் படுக்கையும், பிள்ளைகளின் புத்தகங்கள் என்று சில்லறையாகத் தெரிபவற்றைக் கூட்டிப் பாருங்கள். நினைத்ததைவிட இரண்டு மடங்கு வந்து நிற்கும். தண்ணி மோட்டரும் குளிரூட்டியும் கட்டடத்தோடு சேருமா சாமானோடு சேருமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

அடுத்துக் கேட்கவேண்டியது, நட்டஈடு புதுவிலைக்கா தேய்மானம் கழித்தா என்பது. இன்று புதிதாக வாங்க 2 இலட்சம் ஆகும் பிரிட்ஜ் ஆறு வருஷம் பழையது என்று வைப்போம். வருஷத்துக்கு 10 வீதம் கழித்தால் 80,000 ரூபாதான் மிஞ்சும். புதுவிலைக்குத் தரும் பொலிசிக்குப் பிரீமியம் கொஞ்சம் கூட. சாமானைப் பொறுத்தவரை அந்த வித்தியாசத்தைக் கொடுப்பது பயனுள்ளது என்பது எங்கள் கருத்து.

நகைக்கும் காசுக்கும் உச்ச எல்லை இருக்கும். தனியொரு பொருளுக்கும் எல்லை இருக்கும். எங்கள் வீடுகளில் தாலிக்கொடியும் பிள்ளைகளின் சங்கிலியும் சேர்ந்தாலே அந்த எல்லையைத் தாண்டிவிடும். மதிப்பீட்டுக் கடிதத்தோடு தனியாகப் பெயர் குறித்துப் போடலாம். பாவிக்காத நகையை வங்கிப் பெட்டகத்தில் வைப்பது அதைவிடக் குறைந்த செலவில் முடியலாம், இரண்டையும் விசாரித்துப் பாருங்கள். களவுக்கு நட்டஈடு பெற, பூட்டோ யன்னலோ உடைத்து உட்புகுந்த அடையாளம் வேண்டும் என்பது வழமையான நிபந்தனை. திறந்து கிடந்த கதவால் போன பொருளுக்கு ஒன்றும் வராது.

எந்த ஆபத்துகள் உள்ளே, எவை வெளியே

அடிப்படைப் பொலிசி என்பது தீ, மின்னல், வெடிப்பு. திருகோணமலைக்கு இது மட்டும் காணாது. 2000 டிசெம்பர் 26 புயல், 2004 டிசெம்பர் 26 சுனாமி, 2020 டிசெம்பர் 2 இரவு குச்சவெளிப் பக்கம் கரைகடந்த புரேவிப் புயல், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மூதூரையும் வெருகலையும் மூடிய வெள்ளம்: இந்த மாவட்டத்துக்கு இழப்பு வந்த வழிகள் காற்று, மழை, ஆறு, கடல். ஆகவே புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி என்ற நான்கும் அட்டவணையில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்க வேண்டும். "இயற்கை அனர்த்தம் எல்லாம் அடங்கும்" என்ற முகவரின் வாய்ச்சொல் போதாது, விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

காற்றைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். ஓட்டுக் கூரையில் காற்று முதலில் பிடிப்பது முகட்டு ஓடுகளையும் ஓரத்து ஓடுகளையும்தான். சீற் கூரை என்றால் கொக்கி ஆணி. கடற்காற்றில் அந்த ஆணியின் கழுத்துத் துருவேறி மெலிந்து நிற்கும், கீழே இருந்து பார்த்தால் தெரியாது. சேதத்தைப் பார்க்க வரும் மதிப்பீட்டாளர் சீற்றின் ஓட்டையைப் பார்ப்பார். ஓரம் புதிதாகக் கிழிந்திருந்தால் அது காற்றின் வேலை. ஓட்டையைச் சுற்றிப் பழைய துரு வட்டம் இருந்தால், ஆணி ஏற்கெனவே விட்டிருந்தது, பராமரிப்பு இல்லை என்று எழுதுவார். சீலிங்கிலும் அப்படித்தான். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல பழுப்பு வட்டங்கள் இருந்தால் அது பல வருஷத்து ஒழுக்கு. காற்று கூரையைத் திறந்து அந்த வழியால் மழை உள்ளே வந்திருந்தால் உள்ளே நனைந்ததற்கும் நட்டஈடு உண்டு. கூரை அப்படியே இருக்க, பழைய ஒழுக்காலோ திறந்த யன்னலாலோ வந்த தண்ணீருக்கு இல்லை.

இதற்கு ஒரே மருந்து, ஒவ்வொரு செப்டெம்பரிலும் ஒரு மேசனை ஏற்றி ஆணி, வாஷர், முகட்டுச் சாந்து மூன்றையும் பார்ப்பிப்பது. அன்றே கூரையையும் சீலிங்கையும் திகதி தெரியப் படம் எடுங்கள், கூலி கொடுத்த பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பிறகு ஒரு நாள் அந்தப் படம் உங்களுக்காகப் பேசும்.

மின்னல் இங்கே ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கூட. நேரே வீட்டில் விழுவது அரிது. வயர் வழியாக வந்து டீவி, ரவுட்டர், பிரிட்ஜ் ஆகியவற்றின் மின்சுற்றுப் பலகைகளை எரிப்பதுதான் வழமை. அந்த மறைமுக மின்னல் சேதமும் அடங்குமா என்று கேளுங்கள். திருத்துபவர் தரும் கடிதத்தில் "பழுது" என்று மட்டும் இருந்தால் திரும்பி வரும். என்ன உறுப்பு எரிந்தது, காரணம் மின்னலால் வந்த மிகை மின்னழுத்தம், என்ன திகதி என்பவை இருக்கவேண்டும். எரிந்த பலகையை எறிந்துவிடாதீர்கள்.

எந்தப் பொலிசியிலும் பொதுவாக அடங்காதவை: கறையான், உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற் வெடித்தல், சுவரில் ஊறும் ஈரம், கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு வருதல், கட்டும்போதே விட்ட பிழை. காப்புறுதி திடீரென்று வந்ததற்கு மட்டுமே. தம்பலகாமம், மொறவெவ, சேருவில பக்கம் இருப்பவர்கள் யானை சுவரை இடித்தால் என்ன என்றும் கேட்கவேண்டும். மிருகம் மோதிய சேதம் சில பொலிசிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லையென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் நட்டஈட்டுத் திட்டம் இருக்கிறது, அதற்கு வேறு விண்ணப்பம்.

பிரீமியம் எப்படி ஏறுகிறது

முகவர் தொலைபேசியில் சொல்லும் தொகையும் கடைசியில் கட்டும் தொகையும் ஒன்றாக இராது. கணக்கு விளங்குவதற்காக மட்டும் சில வீதங்களை எடுப்போம், உங்கள் நிறுவனத்தின் வீதம் வேறாக இருக்கும்.

கட்டடம் 1 கோடி 60 இலட்சத்துக்கு 0.12 வீதம்: 19,200 ரூபா. சாமான் 20 இலட்சத்துக்கு 0.20 வீதம்: 4,000 ரூபா. முகவர் சொல்வது இந்த 23,200 ஆக இருக்கலாம். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் என்பவற்றுக்கான கட்டணம் தனியாக வரும். தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்தும் நிதிக்குப் போகும் பணம் அது. அதற்கு 2,800 என்று வைத்தால் 26,000. பொலிசிக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் சேர்ந்து 1,000. இப்போது 27,000. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம், 675 ரூபா. வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், 4,981 ரூபா 50 சதம். கட்டவேண்டியது 32,656 ரூபா 50 சதம். சொன்ன தொகைக்கு மேல் நூற்றுக்கு நாற்பது.

ஆகவே விலை கேட்கும்போது "வரி எல்லாம் சேர்த்து, எழுத்தில்" என்று கேளுங்கள். குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் ஒரே தொகையையும் ஒரே ஆபத்துப் பட்டியலையும் கொடுங்கள். வட்டி சேர்ந்த காப்புறுதி வேண்டாம் என்பவர்கள் தகாபுல் எனும் இஸ்லாமியக் காப்புறுதி முறைக்கும் ஒரு விலை எடுக்கலாம்.

எக்ஸெஸ்

ஒவ்வொரு இழப்பிலும் நீங்கள் கையால் போடும் பங்குக்குப் பெயர் எக்ஸெஸ். தீக்கு ஒரு அளவு, இயற்கை அனர்த்தத்துக்கு வேறு அளவு என்று பிரித்து எழுதியிருப்பார்கள். "இழப்பின் 10 வீதம், குறைந்தது 25,000 ரூபா" என்பது போன்ற ஒரு வரி அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் கிடக்கும். மலிவான விலையின் காரணம் அநேகமாக அந்த வரியில்தான் இருக்கும்.

மேலே கணக்கிட்ட பொலிசியில் எக்ஸெஸ் 10 வீதம் என்று வைப்போம். இன்னொரு நிறுவனம் 28,000 ரூபாவுக்குத் தருகிறது, ஆனால் எக்ஸெஸ் 20 வீதம். கூரை போய் 15 இலட்சம் நட்டம் என்றால் முதலாவதில் நீங்கள் போடுவது ஒன்றரை இலட்சம், இரண்டாவதில் மூன்று இலட்சம். வருஷம் 4,656 ரூபா மிச்சம் பிடித்து அந்த ஒன்றரை இலட்சத்தைச் சேர்க்க 32 வருஷம் வேண்டும். ஆனால் "குறைந்தது 25,000" என்று எழுதிய பொலிசியில் அதற்கு உட்பட்ட சின்னச் சேதத்துக்கு ஒன்றும் வராது என்பதையும் மனதில் வையுங்கள். நாலு ஓடு உடைந்ததற்குக் காப்புறுதியை நம்ப முடியாது.

மறைக்கக் கூடாதவை

முன்மொழிவுப் படிவத்தில் கேட்கும் கேள்விக்கு உள்ளதைச் சொல்லவேண்டும். முகவர் தானே நிரப்பி ஒப்பம் வைக்கச் சொன்னால் வைக்காதீர்கள். பதிலில் பிழை இருந்தால் பொறுப்பு ஒப்பம் வைத்தவருக்குத்தான்.

வெள்ளம் முன்பு வந்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதி, பிறகு அயலில் விசாரித்து வந்தது என்று தெரிந்தால் முழு நட்டஈடும் போகும். ஆட்கள் கனடாவிலோ சுவிஸிலோ இருக்க வீடு பூட்டிக் கிடந்தால் அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். 30 நாளுக்கு மேல் ஆளில்லாத வீட்டுக்குக் களவுப் பகுதி செல்லாது என்பது பரவலான நிபந்தனை. அவ்வப்போது வந்து பார்க்கும் உறவினரின் பெயரை எழுதிக் கொடுத்து, நிறுவனத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மேல்மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர்களுக்கு வீட்டுப் பொலிசி பொருந்தாது, அது வியாபாரம். முன்பக்கத்தில் சின்னக் கடை, தையல் வேலை, கூரையில் சோலர் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், பொலிசி நிற்கும்.

எடுக்கும் காலமும் பத்திரங்களும்

ஓகஸ்ட், செப்டெம்பர்தான் நல்ல காலம். வடகீழ்ப் பருவமழை தொடங்கும் முன் ஆட்கள் வந்து பார்க்கவும் நேரம் இருக்கும். வளிமண்டலவியல் திணைக்களம் புயல் எச்சரிக்கை விட்ட பிறகு போனால் எந்த நிறுவனமும் அன்றைக்குப் புதிதாக ஏற்காது.

காணி உறுதி அல்லது பேர்மிற்றின் பிரதி, அடையாள அட்டை, கட்டட வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு, வீட்டின் நாலு பக்கப் படங்கள், சாமான் பட்டியல் ஆகியவை போதும். வீடு வங்கியில் ஈடு என்றால் வங்கியின் பெயரும் பொலிசியில் வரும், பெரிய நட்டஈட்டுக் காசோலை முதலில் வங்கிக்குப் போகும் என்பதை அறிந்து வைத்திருங்கள். பணத்தை முகவரின் கையில் கொடுக்காமல் நிறுவனத்தின் கணக்கில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பொலிசி ஆங்கிலத்தில் வந்தால் அட்டவணையை வரி வரியாகத் தமிழில் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இழப்பு வந்த நாளில்

அன்றே நிறுவனத்துக்கு அறிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் அசைக்கும் முன் படம் எடுங்கள், வெள்ளம் என்றால் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு அடிக்கோலை வைத்து. அதன்பிறகு சேதம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமை. தரப்பாள் கட்டுங்கள், மெயின் சுவிட்சை நிறுத்துங்கள், அந்தச் செலவின் பற்றுச்சீட்டுகளை வையுங்கள். நனைந்த மெத்தையும் உடைந்த ஓடும் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை வளவிலேயே கிடக்கட்டும். நாற்றம் தாங்காது என்றால் படம் எடுத்து, எறியப்போவதைக் குறுஞ்செய்தியில் அறிவித்து, பதில் வந்த பின் எறியுங்கள்.

கிராம சேவகரிடம் சேதத்தை உறுதிப்படுத்தும் கடிதம், களவு என்றால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மேசனிடம் பொருளும் கூலியும் பிரித்துக் காட்டிய மதிப்பீடு ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். "கூரை திருத்த 6 இலட்சம்" என்ற ஒற்றை வரி மதிப்பீட்டை ஏற்கமாட்டார்கள். எத்தனை ஓடு, எத்தனை அடி சலாகை, எத்தனை நாள் கூலி என்று வரவேண்டும்.

தரும் தொகை குறைவாகத் தெரிந்தால், "முழுமையான, இறுதியான தீர்வு" என்று எழுதிய படிவத்தில் உடனே ஒப்பம் வைக்க வேண்டாம். எந்தக் கணக்கில் குறைத்தார்கள், சராசரியாலா, தேய்மானத்தாலா, எக்ஸெஸாலா என்பதை எழுத்தில் கேளுங்கள். பதிலில் திருப்தி இல்லையென்றால் முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், பிறகு முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கோ எழுதலாம். பொலிசி, படங்கள், சாமான் கொப்பி மூன்றின் பிரதியும் வீட்டுக்கு வெளியே, வேறு ஊரில் இருக்கும் ஒரு பிள்ளையின் தொலைபேசியிலாவது இருக்கட்டும்.